யானைமலையில் நான்கு நாள்

முதல் நாள், வெள்ளி

அக்காவை ஒத்தக்கடையில் கட்டிக்கொடுத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பொங்கலுக்கும் காதுகுத்துக்கும் நான் இங்கே வந்துபோன தடவைகளுக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் மாட்டுத்தாவணியில் இறங்கி, டவுன் பஸ் மாறி, உயர்நீதிமன்றக் கிளையைத் தாண்டும்போது ஜன்னல் வழியே யானைமலையைப் பார்ப்பேன். துதிக்கையை முன்னால் நீட்டிப் படுத்திருக்கிற யானை. 'அச்சு அசல் யானைதான்' என்று நினைப்பதற்குள் நிறுத்தம் வந்துவிடும். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவேன். இருபத்திரண்டு வருஷமாக இவ்வளவுதான் எனக்கும் மலைக்கும் உள்ள பழக்கம்.

இந்த முறை மலைக்காகவே நான்கு நாள் லீவு போட்டு வந்திருக்கிறேன். அக்கா நம்பவில்லை. "சொத்துப் பத்திரம் ஏதும் கையெழுத்து வாங்க வந்தியா?" என்று கேட்டாள்.

காரணம் ஓர் ஊர்ப்பெயர். எங்கள் நெல்லைப் பக்கம் மானூரை ஒட்டி உக்கிரன்கோட்டை என்றொரு ஊர் இருக்கிறது. வயல், குளம், இடிந்த பழைய கோட்டையின் மேடு. அந்த ஊரின் பழைய பெயர் கரவந்தபுரம், களக்குடி. அந்தக் களக்குடிக்காரர் ஒருவர் பாண்டியனுக்கு மந்திரியாக இருந்து, மதுரைக்குப் பக்கத்தில் மலையைக் குடைந்து கோயில் எடுத்திருக்கிறார் என்று படித்தேன். எந்த மலை என்று பார்த்தால், அக்கா வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெரிகிற இதே மலை. நம்ம ஊர்க்காரர் செய்த வேலையைப் பார்க்காமல் இத்தனை வருஷம் அவர் வீட்டு வாசலில் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

சாயங்காலம் அத்தானின் வண்டியில் நரசிங்கம் போனோம். ஒத்தக்கடையிலிருந்து உள்ளே கொஞ்ச தூரம்தான். மலையடியில் பெரிய குளம். காற்று இல்லாத நேரம் என்பதால் தண்ணீருக்குள் இன்னொரு யானை தலைகீழாகப் படுத்திருந்தது. உள்ளே போனால் மண்டபம், தூண் எல்லாம் பிற்காலத்து வேலை. கருவறைக்குக் கிட்டே போகப் போகத்தான் கட்டடம் முடிந்து மலை ஆரம்பிப்பது தெரிகிறது. உட்கார்ந்த கோலத்தில் இருக்கும் நரசிங்கப் பெருமாளை எங்கிருந்தோ செய்து கொண்டுவந்து வைக்கவில்லை. மலையின் பாறையே செதுக்கியபின் அவராகிவிட்டது. அங்கே எண்ணெய் வாசமும் துளசியும் சேர்ந்த குளிர்ச்சி. அத்தான் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார்.

கல்வெட்டு வட்டெழுத்திலும் கிரந்தத்திலும் இருக்கிறது. எனக்கு இரண்டும் படிக்கத் தெரியாது. அச்சில் படித்ததை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வடமொழிப் பகுதியில் கலியாண்டு 3871 என்று வருகிறது. நம் கணக்கில் கி.பி. 770. வட்டெழுத்துப் பகுதியில், கோமாறஞ்சடையனுக்கு உத்தரமந்திரியான களக்குடி வைத்தியன், மூவேந்தமங்கலப் பேரரையன் ஆகிய மாறங்காரி, "இக்கற்றளி செய்து நீர்த்தெளியாதே" சொர்க்கம் போய்விட்டான் என்று வருகிறது. கற்றளி என்றால் கற்கோயில். நீர்த்தெளித்தல் என்றால் நாம் இப்போது கும்பாபிஷேகம் என்கிறோமே, அது. மலையைக் குடைந்து முடித்த மனுஷன் கும்பாபிஷேகம் பார்க்காமல் போய்விட்டார். அப்புறம் அவருக்குப் பின்பிறந்தவன், உத்தரமந்திரிப் பதவிக்கும் வந்த மாறன் எயினன், முகமண்டபம் செய்து நீர்த்தெளித்தான்.

என் தொழில் கணக்கு எழுதுவது. அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்தச் சில வரிகளுக்குள் எல்லாமே இருக்கிறது. யார் வேலை, எங்கே நின்றது, எதனால் நின்றது, யார் எடுத்துச் செய்தார், அவருக்கு என்ன உரிமை. இதைவிடச் சுருக்கமாக எந்த ஆடிட்டரும் எழுதிவிட முடியாது. தம்பி தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். அண்ணன் செய்தது இவ்வளவு, நான் செய்தது இவ்வளவு என்று பிரித்து எழுதியிருக்கிறார். கூடப்பிறந்தவர்கள் சேர்ந்து வீடு கட்டிய கதைகள் நாலைந்து எனக்குத் தெரியும் என்பதால் இது சாதாரணமாகப் படவில்லை.

அந்தப் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன். வேள்விக்குடிச் செப்பேடு கொடுத்தவன். அந்தச் செப்பேட்டிலும் இதே மாறன் காரி வருகிறார். பாண்டியர் வரலாற்றில் இன்ன வருஷம் என்று அடித்துச் சொல்லக்கூடிய இடங்கள் குறைவு. இந்த 770 என்ற ஆணியில்தான் அந்தக் காலத்து வரிசை முழுவதையும் மாட்டியிருக்கிறார்கள். மூன்று வருஷம் கழித்து, அதே அரசனின் காலத்தில் திருப்பரங்குன்றத்தைக் குடைந்தவர் சாத்தன் கணபதி. அவரும் கரவந்தபுரத்து வைத்தியக் குடும்பம். மதுரையின் இரண்டு பக்கத்து மலைகளிலும் எங்கள் ஊர்க்காரர்களின் உளி. அத்தானிடம் இதைச் சொன்னேன். "அப்பவே மதுரைக்கு வந்து செட்டில் ஆகிட்டீங்களா?" என்றார்.

மாறன் காரிக்கு மதுரகவி என்றும் பெயர் உண்டு. நம்மாழ்வாரைக் காரிமாறன் என்பார்கள். இந்த இரண்டையும் முடிச்சுப்போட்டு நிறைய எழுதியாயிற்று. நான் அதில் இறங்கவில்லை.

இருட்டுவதற்குள் பக்கத்திலேயே இருக்கும் லாடன் கோயிலையும் பார்த்தோம். இதுவும் குடைவரைதான். உள்ளே முருகனும் தெய்வானையும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மயிலும் சேவலும் உண்டு. பூசை, கூட்டம் எதுவும் இல்லை. நரசிங்கத்தின் மணிச்சத்தம் மட்டும் இங்கே கேட்டது.


இரண்டாம் நாள், சனி

இன்று மருமகன் கூட வந்தான். பத்தாம் வகுப்பு. மலை என்றதும் கிளம்பிவிட்டான். டியூஷன் இருக்கிறது என்பதைப் பாதி வழியில்தான் சொன்னான்.

மலையின் பெயருக்குத் திருவிளையாடலில் ஒரு கதை இருக்கிறது. மதுரையை அழிக்கச் சமணர்கள் யாகத்தில் ஒரு யானையை உண்டாக்கி ஏவினார்களாம். சோமசுந்தரர் வேடனாக வந்து நரசிங்கக் கணை தொடுத்ததும், விழுந்த யானை மலையாகிவிட்டது. இதே மாதிரி வந்த பாம்பு நாகமலை, பசு பசுமலை. மருமகனுக்கு இந்தக் கதை பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பே தெரியும். "அப்ப மலை வர்றதுக்கு முன்னாடியே சமணர் வந்துட்டாங்களா மாமா?" என்று கேட்டான். அவன் கேட்டதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது. மதுரையைச் சுற்றிப் படுத்திருக்கிற இந்த மலைகளில் எல்லாம் சமணர்கள் இருந்தார்கள். அது கதை கட்டியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. மலைகளைக் காட்டினால் சமணர் ஞாபகம் வரும். அந்த ஞாபகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்பதுதான் கதையின் வேலை.

சம்பந்தர் இதை மூடி மறைக்கவே இல்லை. ஆலவாய்ப் பதிகத்தில் "ஆனைமாமலை ஆதியாய இடங்களில்" இருப்பவர்களைக் கோபமாகப் பேசுகிறார். மலைகளின் பட்டியலில் முதலில் வருவது இதுதான். ஏழாம் நூற்றாண்டில் மதுரைக்காரர்களிடம் 'சமணர் இருக்கிற இடம்' என்று கேட்டால் கை முதலில் இந்தப் பக்கம்தான் நீண்டிருக்கும். சமணர்களும் மதுரையைச் சுற்றி எட்டு மலைகளை எண்பெருங்குன்றம் என்று வைத்திருந்தார்கள். பரங்குன்றத்தில் தொடங்கி இருங்குன்றத்தில் முடியும் அந்த வெண்பாவில் யானையும் ஒன்று.

சரி, சம்பந்தர் வந்து வாதில் வென்றார், எண்ணாயிரம் பேர் கழுவேறினார்கள், அத்தோடு மதுரையில் சமணம் முடிந்தது என்று நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்த நினைப்போடு இந்த மலையில் ஏறினால் குழம்பிப் போவோம்.

மலையடியிலிருந்து கொஞ்சம் ஏறியதும் பாறை கூரை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற ஓரிடம். அதன் முகப்பில் வரிசையாகச் சிற்பங்கள். முக்குடைக்குக் கீழே சம்மணமிட்டு உட்கார்ந்த மகாவீரர். தலைக்குமேல் பாம்பு படம் விரித்தபடி பார்சுவநாதர். நின்று நின்று கால்களில் கொடி சுற்றிவிட்ட பாகுபலி. அம்பிகா இயக்கி. சில இடங்களில் சுண்ணச்சாந்தும் அதன்மேல் பூசிய வண்ணமும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நாம் பார்ப்பது வெறும் சாம்பல் நிறக் கல்லை. அவர்கள் கும்பிட்டது வண்ணம் பூசிய சாமியை.

இந்தச் சிற்பங்கள் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதாவது சம்பந்தருக்கு இருநூறு, இருநூற்றைம்பது வருஷம் கழித்துச் செதுக்கியவை. முடிந்துபோனதாகச் சொன்ன கணக்கில் மறுபடி வரவு விழுகிறது! இந்த வரவுக்கு முக்கியக் காரணம் அச்சணந்தி என்ற துறவி. யானைமலை, கீழக்குயில்குடிச் சமணர்மலை, இன்னும் தெற்கே பல குன்றுகளில் அவர் பெயர் இருக்கிறது. மலை மலையாக நடந்து ஆட்களைப் பிடித்துச் சிற்பம் செய்ய வைத்திருக்கிறார். சமணர்மலைப் பேச்சிப்பள்ளத்தில் அவருடைய அம்மா குணமதியாரே ஒரு திருமேனி செய்வித்திருக்கிறார். துறவி என்றாலும் அம்மாவிடமும் நன்கொடை வாங்கிவிட்டார்.

சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் சின்னச் சின்ன வரிகள். யார் செய்வித்தது, யார் பாதுகாப்பு என்பது மட்டும்தான். நம் ஊர்க் கோயில் டியூப்லைட்டில் எழுதியிருக்கும் 'உபயம்' இதன் கொள்ளுப்பேரன். ஒரு சிற்பத்தின் பாதுகாப்பு நரசிங்கமங்கலத்துச் சபையாருடையது. நேற்றுப் பார்த்த பெருமாளின் ஊர், பிராமணர்கள் இருந்த சபை. அவர்கள் சமணத் திருமேனிக்குக் காவல் என்று ஒப்புக்கொண்டு கல்லில் எழுத விட்டிருக்கிறார்கள். பதிகத்தில் கேட்ட கோபத்தையும் இந்த வரியையும் ஒரே மலை வைத்திருக்கிறது. ஊரில் நடக்கிற விஷயம் எப்போதும் இப்படித்தான். மேடையில் ஒன்று பேசுவார்கள், கண்மாய்க் கரையில் வேறு ஏற்பாடு நடக்கும்.

அடுத்து உச்சிக் குகைக்குப் போகலாம் என்று கிளம்பினோம். அங்கேதான் இந்த மலையின் மிகப் பழைய எழுத்து இருக்கிறது. மணி பதினொன்று. ஒரே ஒரு லிட்டர் தண்ணீர். இரண்டையும் யோசிக்காமல் ஏறினேன். பாதி உயரத்தில் பாறை சுட ஆரம்பித்தது. செருப்பு வழுக்குகிறது என்று கழற்றினால் கால் வைக்க முடியவில்லை. வழி இரண்டாகப் பிரிந்த இடத்தில் தப்பான பக்கம் போய், கீழே செங்குத்தாக இறங்கும் வழுக்குப் பாறையில் முடிந்தது. மருமகன் குதித்து வந்துவிட்டான். நான் உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்தேன். வேட்டியாக இருந்திருந்தால் மானம் போயிருக்கும்.

கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா சிரித்தார். "பஞ்சபாண்டவர் படுக்கைக்கா? வெள்ளன வரணும்ப்பா. இந்நேரத்துக்கு ஆடே ஏறாது."

டியூஷன் போகாததற்கு அக்காவிடம் திட்டு. அவனுக்கில்லை, எனக்கு.


மூன்றாம் நாள், ஞாயிறு

கால் வலி. உச்சியை நாளைக்குத் தள்ளிவிட்டு, அத்தானோடு வண்டியில் மாங்குளம் போனேன். யானைமலைக் குறிப்பில் வேறு மலை எதற்கு என்றால், உச்சியில் இருக்கும் எழுத்தைத் தமிழ் என்று படிக்க முடிந்ததே இந்த மாங்குளம் மாதிரி இடங்களால்தான்.

மேலூர் சாலையில் போய், வெள்ளரிப்பட்டி வழியாகத் திரும்பினோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வழியெல்லாம் கறிக்கடைக் கூட்டம். மலையை ஊர்க்காரர்கள் ஓவாமலை, கழுகுமலை என்று சொல்கிறார்கள். ஏறினால் குகைகள், வழவழவென்று தேய்த்த கற்படுக்கைகள். தலைமாட்டில் கல்லையே கொஞ்சம் உயர்த்தித் தலையணையாக விட்டிருக்கிறார்கள். குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறது. மழைத்தண்ணீர் பாறையோடு வழிந்து உள்ளே வராமல் அந்த விளிம்பில் சொட்டிவிடும். அத்தான் கட்டட வேலைகளை மேற்பார்க்கிறவர். படுக்கையைப் பார்த்ததைவிட இந்தக் காடியைத்தான் அதிக நேரம் பார்த்தார். "சன்ஷேடுக்குக் கீழ நாங்க இழுக்கிற கோடு மாப்ளே இது" என்றார்.

1882-ல் ராபர்ட் சீவெல் இந்தக் கல்வெட்டுகளைக் கண்டு வெளியே சொன்னார். பிராமி எழுத்து என்பதால் பிராகிருதமாகத்தான் இருக்கும் என்று ரொம்ப நாள் அதைப் படித்துப் பார்த்துத் தடுமாறினார்கள். வடக்கே இல்லாத சில எழுத்துகள் இதில் இருந்தன. 1924-ல் கே.வி. சுப்பிரமணிய அய்யர்தான், இவை ழ, ள, ற, ன என்று பிடித்துக்கொண்டு, மொழி தமிழ் என்றார். நாம் சின்ன வயதில் நாக்கு மடங்காமல் அடிவாங்கிய அந்த எழுத்துகள்தான் இங்கே சாவி. 1965-ல் ஐராவதம் மகாதேவன் இந்தப் பாறையில் நெடுஞ்செழியன் என்ற பெயரைப் படித்தார். சங்கப் பாட்டில் மட்டும் இருந்த பாண்டியர் பெயர் அதற்குப் பிறகு கல்லிலும் வந்துவிட்டது. காலம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டை ஒட்டி என்பது அவர் கணக்கு.

முதல் கல்வெட்டின் சாரம் இது. கணி நந்தாசிரியன் என்ற துறவிக்கு இந்தத் தம்மம், அதாவது அறக்கொடை. நெடுஞ்செழியனின் பணியாளான கடலன் வழுதி "கொட்டுபித்த" பள்ளி. பள்ளி என்றால் துறவிகள் தங்கும் இடம். கொட்டுபித்த என்றால் கொத்துவித்த. இதைச் சொன்னதும் அத்தான், "கொத்தனார் அப்பவே இருக்கான் பார்" என்றார்.

இன்னொரு கல்வெட்டுதான் எங்களுக்குள் பெரிய விவாதமாகிவிட்டது. நெடுஞ்செழியனின் சாலகன் இளஞ்சடிகன், அவன் தந்தை சடிகன் செய்த பள்ளி என்று வருகிறது. சாலகன் என்ற வடசொல்லுக்கு மனைவியின் கூடப்பிறந்தவன் என்று பொருள்.

"அப்ப ராசாவுக்கு நீதான் சாலகன்" என்றார் அத்தான்.

"ஆமா. எங்க அப்பாதான் சடிகன்."

"மச்சானோட அப்பான்னா எனக்கு மாமனார்ல? நேரா மாமனார்னு எழுத வேண்டியதுதானே? எதுக்குச் சுத்தி வளைச்சு?"

எனக்கும் அதுதான் சந்தேகம். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கற்படுக்கையில் உட்கார்ந்து சொந்தபந்தத்தைப் பிரித்துப் பார்த்தோம். சாலகன் என்பதைச் சகலன் என்று கொண்டால் உறவே மாறிவிடும். கடைசியில் அத்தான் தீர்ப்புச் சொன்னார். "மச்சான் அரண்மனையில பெரிய கையா இருந்திருப்பான் மாப்ளே. அப்பன் பேரு சொன்னா யாருக்கும் தெரியாது. மகன் பேரைச் சொன்னாத்தான் ஊருக்குத் தெரியும்." ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைக்கு இது போதும் என்று எனக்குத் தோன்றியது.

வெள்ளறை நிகமத்தோர், அதாவது வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவினர், கொடுத்தது என்றும் இங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. அந்த வெள்ளறைதான் இன்றைய வெள்ளரிப்பட்டி என்கிறார்கள். காலையில் நாங்கள் டீ குடித்த ஊர். அழகர்மலைக் குகையில் இன்னும் விவரமாக இருக்கிறது. உப்பு வணிகன், பாணித வணிகன், கொழு வணிகன், துணி விற்கிற அறுவை வணிகன், மதுரைப் பொற்கொல்லன். பாணிதம் என்றால் சர்க்கரைப் பாகு மாதிரி. கொழு, ஏர்க்கொழு. இந்த மலைகளில் துறவிகள் மட்டும் இருந்ததாக நினைத்தால் பாதிதான் தெரியும். மதுரைக்குள் போகிற, வருகிற பாதைகளின் ஓரத்தில் இந்தக் குன்றுகள் நிற்கின்றன. வண்டிமாட்டோடு போகிறவர்கள் நிழலுக்கு ஒதுங்குகிற இடமாகவும் இருந்திருக்கும். கடைத்தெருக்காரர்கள் காசு போட்டுச் சாமியாருக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்ததில் ஆச்சரியம் இல்லை.

திரும்பும் வழியில் அரிட்டாபட்டிப் பக்கம் வண்டியை விடலாமா என்று கேட்டார். அங்கேயும் தமிழி எழுத்து, அதாவது இந்தத் தமிழ் பிராமி, இருக்கிறது, பாறையைக் குடைந்த சிவன் கோயிலும் சிவனின் ஒரு வடிவமான இலகுலீசர் சிற்பமும் இருக்கின்றன. கால் மறுத்துவிட்டது. டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றபோது மேலூர் வட்டாரமே மதுரைக்கு நடந்து வந்ததும், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானதும் அத்தான் சொல்லிக்கொண்டே வந்தார். அவர்கள் தெருவிலிருந்தும் ஆட்கள் போனார்களாம். 2010-ல் யானைமலையிலேயே சிற்ப நகரம் அமைக்கப் போகிறோம் என்று பேச்சு வந்தபோதும் ஒத்தக்கடை, நரசிங்கத்து ஆட்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அத்தானுக்குக் கல்வெட்டெல்லாம் அப்போது தெரியாது. "மலையில கைவைக்கிறேன்னாங்க. விடுவமா?" அவ்வளவுதான் அவர் சொன்ன காரணம்.


நான்காம் நாள், திங்கள்

நாலரை மணிக்கு எழுந்துவிட்டோம். பள்ளிக்கூடத்துக்கு எட்டரைக்குள் கொண்டுவந்து விடுவதாக அக்காவிடம் சத்தியம் செய்துவிட்டு மருமகனைக் கூட்டிக்கொண்டேன். இரண்டு லிட்டர் தண்ணீர், கடலைமிட்டாய், டார்ச்.

விடியற்காலையில் அதே மலை வேறு மலை. பாறை சில்லென்று இருந்தது. வெறுங்காலில் ஏறினேன், ஒட்டிக்கொண்டு போனது. பெரியம்மா சொன்ன அடையாளத்தில் இடப்பக்கம் திரும்பினோம். பழைய காலத்தில் பாதம் மட்டும் வைக்கிற அளவுக்குப் பாறையில் வெட்டிய படிகள் நடுநடுவே வந்தன. மயில் எங்கோ அகவியது. கிழக்கே மேலூர்ப் பக்கம் கண்மாய்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. மேற்கே மதுரை விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தது.

குகை பெரிதில்லை. ஆனால் காற்று வந்துகொண்டே இருந்தது. தரையில் கற்படுக்கைகள். பலர் வந்துபோன அடையாளமாகப் பிளாஸ்டிக் பாட்டில், பெயிண்டில் எழுதிய காதல். மருமகன் ஒரு படுக்கையில் படுத்துப் பார்த்துவிட்டு, "குளிருது மாமா" என்று எழுந்துவிட்டான். சரியான அளவு, ஓர் ஆள் நீட்டிப் படுக்கலாம், புரளத்தான் முடியாது.

எழுத்து மேலே, பாறையின் நெற்றியில். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால்தான் தெரிகிறது. நேராக அடித்தால் பாறையின் பொருக்கு மட்டும் கண்ணில் படும். எனக்குத் தமிழி எழுத்தில் தெரிந்தது ஒன்றே ஒன்று. க என்பது கூட்டல் குறி. அதை மருமகனுக்குச் சொல்லிக்கொடுத்து, "எத்தனை கூட்டல் குறி இருக்குன்னு பாரு" என்றேன். நான் அச்சில் எழுதிக்கொண்டுவந்த வாசகத்தை எடுத்தேன்.

'இவ குன்றதூ உறையுள் பாதந்தான் ஏரி ஆரிதன் அத்துவாயி அரட்ட காயிபன்.'

இரண்டாயிரம் வருஷத்து வரி. இவகுன்றத்தில் உறைகிறவர்கள். ஏரி ஆரிதன் ஒரு பெயர், அரட்ட காயிபன் ஒரு பெயர். காயிபன் என்றால் காசியபன். ஆரிதன் என்ற பெயர் பக்கத்துத் திருவாதவூர்க் குகையிலும் இருக்கிறது. இவம் என்பது யானை. இவகுன்றம் என்றால் யானைக்குன்றம்.

பாண்டியன் வேலையாளைப்போல இவர்களுக்கு அரசன் பெயரில்லை. மாறன் காரியைப்போலப் பட்டமும் வருஷமும் இல்லை. இந்த நாலு நாளில் நான் பார்த்த எந்த உபயத்திலும் தொகை எழுதவில்லை என்பது இங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. ஒரு படுக்கை வெட்ட எத்தனை ஆள், எத்தனை நாள், என்ன கூலி? பின்னால் வந்த கோயில் கல்வெட்டுகளில் விளக்கெரிக்க இத்தனை ஆடு, இத்தனை காசு என்று எழுதித் தள்ளியிருக்கிறார்கள். இவர்கள் பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். கணக்கு எழுதுகிறவனுக்கு இது உறுத்தல்தான்.

இன்னொன்றும் மனதில் ஓடியது. சோமசுந்தரர் எய்த யானை என்ற கதை பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னால், இந்தக் குகையில் படுத்தவர்களும் இதை யானை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கீழேயிருந்து பார்த்த அதே கோடுதான் டவுன் பஸ் ஜன்னலில் நான் பார்த்ததும். வடக்கிலிருந்து வந்தவர்களோ, வடசொல் பழகியவர்களோ, யானைக்குத் தங்களுக்குப் பழகிய சொல்லைப் போட்டுக் குன்றத்தைத் தமிழிலேயே விட்டுவிட்டார்கள்.

"ரெண்டு கூட்டல் குறி மாமா" என்றான் மருமகன். கழுத்தை அண்ணாந்து வைத்தபடியே விரலால் காட்டினான்.

ஒன்று குன்றத்தின் கு. கூட்டல் குறிக்கு அடியில் வலப்பக்கம் ஒரு சின்னக் கோடு இழுத்தால் உகரம். இன்னொன்று காயிபனின் கா. பாதி தேய்ந்திருந்ததை அவனாகவே கண்டுபிடித்துவிட்டான். போட்டோ எடுத்தோம், ஒன்றும் சரியாக விழவில்லை.

இறங்கும்போது வெயில் வந்துவிட்டது. பெரியம்மா ஆடுகளை ஓட்டிக்கொண்டு எதிரே வந்தார். "பாத்தாச்சா? என்ன எழுதியிருக்கு?" என்றார். யானைமலை என்று எழுதியிருக்கிறது என்றேன். "அதத்தான் எல்லாரும் சொல்றமே" என்று சொல்லிவிட்டு ஆட்டை அதட்டப் போய்விட்டார்.

எட்டு நாற்பதுக்குத்தான் வீடு வந்தோம். சத்தியம் பத்து நிமிஷத்தில் பொய்த்தது. அவன் அவசரமாகக் குளிக்கப் போனவன், கொல்லையில் ஆளையே காணோம். போய்ப் பார்த்தால் உடைந்த செங்கல் துண்டால் துவைக்கிற கல்லில் எழுதிக்கொண்டிருக்கிறான். பெரிதாக ஒரு கூட்டல் குறி, அடியில் சின்னக் கோடு. அக்கா வாளித் தண்ணீரோடு வந்து, "பஸ் போகப் போகுது, இங்க என்னடா கிறுக்கிக்கிட்டு" என்று ஒரே வீச்சில் ஊற்றிவிட்டாள்.